‘குறை தென்படவில்லை’: நுகர்வோர் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நுகர்வோர் சட்டங்களை எழுதுகிறவர்களுக்கும், திருத்துகிறவர்களுக்கும், அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

என்னிடம் ஏழு ஜாப் கார்டுகள் இருக்கின்றன; வண்டியை ரிப்பேருக்கு விடும் ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தருகிற தாள்கள். ஏழும் ஒரே காருக்கு உரியவை. பழைய கார் இல்லை, புதிதாக வாங்கிய கார். ஏழிலும் கடைசி வரி ஒன்றுதான்: “ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை தென்படவில்லை.” அந்த வரியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். குறையுள்ள புது வண்டியை வாங்கியவருக்கு எத்தனையோ நாடுகள் உரிமை எழுதிக் கொடுத்திருக்கின்றன. அந்த உரிமைகளில் பாதியை இந்த ஒரு வரி தின்றுவிடுகிறது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. இரண்டு விநாடி, மூன்று விநாடி. அப்புறம் பின்னாலிருந்து யாரோ முட்டித் தள்ளியது மாதிரி முன்னால் பாயும். தினமும் வராது. ஒரு வாரத்தில் மூன்று தடவை வரும். அடுத்த இரண்டு வாரம் ஒன்றுமே இருக்காது. முதல் தடவை வந்தது வண்டி வாங்கிய பத்தொன்பதாம் நாள். சந்திப்பு ஒன்றில் திரும்பிக்கொண்டிருந்தேன், எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. பாதிச் சாலையில் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டிலிருந்து அம்மா, “ஏம்மா நிறுத்திட்டே?” என்று கேட்டார். “நான் நிறுத்தலைம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி பாய்ந்தது. பஸ்காரர் பிரேக் போட்டதால் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த ஆலோசகர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு கம்ப்யூட்டரில் “பிக்கப் குறைவு” என்று பதிந்தார். நான் சொன்னது அதுவல்ல என்றேன். “சிஸ்டத்தில் இருக்கிற புகார் வகைகளில் இதுதான் மேடம் கிட்ட வருது” என்றார். நான் சொன்னபடியே எழுதுங்கள் என்று கேட்டதற்கு, அதற்கு இடமில்லை என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உண்மையிலேயே இடமில்லை. என் அம்மாவும் நானும் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் மூன்று விநாடி நின்றது, ஒரு பட்டியலில் இருந்த இரண்டு சொல்லாகச் சுருங்கியது. மாலையில் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் இல்லை, குறை தென்படவில்லை.

வந்து வந்து போகிற குறைகளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சட்டம் எழுதுகிறவர்கள் பலரும் தவறவிடுவது இந்த இடம்தான். குறை என்றாலே உடைந்த பாகம், ஒழுகுகிற எண்ணெய், எரியாத விளக்கு என்று நினைக்கிறோம். இன்றைய வண்டியில் தொல்லை தருவது பெரும்பாலும் அப்படிப்பட்டது இல்லை. ஒரு சென்சார் சூடேறினால் மட்டும் தப்பாக அளக்கும். ஒரு வயர் இணைப்பு அதிர்வில் மட்டும் விட்டுப் பிடிக்கும். கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மென்பொருள், ஏற்றத்தில், முழு பாரத்தில், ஏசி ஓடும்போது மட்டும் தடுமாறும். ஒர்க்‌ஷாப்பில் செய்யும் சோதனையோட்டம் ஒருவர் மட்டும் ஏறி, சில கிலோமீட்டர், வெறும் வண்டியில் ஓட்டுவது. அந்தச் சூழ்நிலை அமையாவிட்டால் குறை வராது. எரர் கோடு இல்லை என்பதற்கும் பொருள் ஒன்றுதான்: எதைப் பிழையென்று பதிய வேண்டும் என்று தயாரிப்பாளர் முன்கூட்டி எழுதிவைத்தாரோ, அது நடக்கவில்லை. எழுதிவைக்காத பிழை நூறு தடவை நடந்தாலும் ஸ்கேனர் வாய் திறக்காது.

ஆக, குறையைத் தேடுகிறவரும் விற்றவர் தரப்பு. தேடும் கருவியும் அவர்களுடையது. தேடியதை எழுதிவைக்கிறவரும் அவர்களே. பிறகு வழக்கு என்று வந்தால் குறையை நிரூபிக்க வேண்டியது மட்டும் வாங்கியவர்.

இது புரிந்துதான் பல நாடுகளில் சட்டம் எழுதியவர்கள் எண்ணைக் கையில் எடுத்தார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியை ‘லெமன்’ என்பார்கள். அங்கே 1975இல் வந்த கூட்டாட்சி உத்தரவாதச் சட்டமான மேக்னசன்–மாஸ் சட்டம், வழக்கில் வென்ற நுகர்வோர் வக்கீல் செலவையும் எதிர்த்தரப்பிடமிருந்து பெறலாம் என்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் எத்தனை தடவை ரிப்பேர் செய்தும் சரியாகாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற கேள்வி “நியாயமான எண்ணிக்கை” என்ற சொல்லிலேயே நின்றது. எது நியாயம் என்று ஒவ்வொருவரும் கோர்ட்டில் வாதாட வேண்டியிருந்தது. 1982இல் கனெடிகட் மாநிலத்தில், ஜான் உட்காக் என்ற சட்டமன்ற உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அந்தச் சொல்லுக்கு ஓர் எண் கொடுத்தது. ஒரே குறைக்கு நான்கு முயற்சி, அல்லது மொத்தம் 30 நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடப்பது. அதைத் தாண்டினால் நியாயமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவத்தில் இப்படியொரு சட்டம் போட்டன.

கலிபோர்னியாவின் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு இருக்கிறது. முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், சாதாரணக் குறைக்கு நான்கு முயற்சி. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தான குறை என்றால் இரண்டே முயற்சி. எவ்வளவு எளிமையான அறிவு! பிரேக் பிடிக்காத வண்டியை நான்கு தடவை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு வா என்று யாரிடமும் சொல்லக் கூடாது. தென்கொரியா 2019 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டிலும் பெரிய குறைக்கு இரண்டு ரிப்பேர், மற்றக் குறைக்கு மூன்று ரிப்பேர் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் விற்பனை ஒப்பந்தத்திலேயே இதற்கான உறுதி எழுதப்பட்டிருந்தால்தான் அந்த வழி திறக்கும் என்பது அதன் பலவீனம். பிலிப்பைன்ஸின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் 12 மாதம் அல்லது 20,000 கிலோமீட்டர், நான்கு முயற்சி என்கிறது. அதோடு வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நாட்களில் வாங்கியவர் வேலைக்குப் போய்வர ஏசி டாக்சிக் கட்டணத்துக்கு ஈடான தொகையோ மாற்று வண்டியோ தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இதை எழுதியவர் யாரோ, அவர் வண்டியில்லாமல் ஒரு வாரமாவது அலைந்தவராக இருக்க வேண்டும்.

சரி, எண் வந்துவிட்டது. அது போதுமா? போதாது. என் ஏழு ஜாப் கார்டுகளே சாட்சி.

குறை தென்படவில்லை என்று எழுதிவிட்டால், ரிப்பேரே நடக்கவில்லை. ரிப்பேர் நடக்கவில்லை என்றால் முயற்சியே இல்லை. நான்கு முயற்சி என்ற எண் இருந்தாலும் அதில் நான் இன்னும் பூஜ்யத்தில்தான் நிற்பேன். ஐந்தாவது தடவை போனபோது மேலாளர் ஒருவர் அதைத்தான் சொன்னார்: “நாங்க எதையும் ரிப்பேர் பண்ணலையே மேடம், ரிப்பேர் தோற்றுப்போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?” வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. எண்ணை எழுதிய சட்டத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத் தாண்டிப் போய்விடலாம்.

இதற்கு மருந்தும் ஏற்கெனவே இருக்கிறது. 2001இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ரிப்பேருக்கு வாய்ப்புக் கொடுத்த ஒவ்வொரு தடவையும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும், உண்மையில் எந்த ரிப்பேரும் செய்யாவிட்டாலும் சரி என்று சொல்லியிருக்கிறது. வண்டியைக் கொண்டுபோய் ஒப்படைப்பதோடு வாங்கியவர் கடமை முடிந்தது. குறையைக் கண்டுபிடிப்பது அவர் வேலை இல்லை. புளோரிடாவின் சட்டம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. வண்டியைப் பார்த்துத் திருப்பித் தரும் ஒவ்வொரு தடவையும், வாங்கியவர் சொன்ன பிரச்சினை என்ன, என்ன சோதித்தார்கள், என்ன செய்தார்கள், வண்டி வந்த தேதியும் ஓடிய தூரமும், திரும்பிப் போன தேதியும் ஓடிய தூரமும், எல்லாவற்றையும் படிக்கும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள் என்பதுதான் உங்களிடம் என் முதல் வேண்டுகோள். கொண்டுபோனால் அது ஒரு முயற்சி. சொன்ன புகார் சொன்னவரின் சொற்களிலேயே பதிவாக வேண்டும், பட்டியலில் கிட்ட வருகிற சொல்லில் அல்ல. வண்டியின் கம்ப்யூட்டரில் அன்று படித்த தரவு முழுவதும் வாங்கியவருக்கு நகலாகக் கிடைக்க வேண்டும். அது அவர் காசு கொடுத்து வாங்கிய வண்டியின் தரவு.

அடுத்தது நிரூபிக்கும் பொறுப்பு. இதில் ஐரோப்பா தெளிவாக இருக்கிறது. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகத்தான் கருதப்படும்; இல்லையென்றால் விற்றவர் நிரூபிக்கட்டும். உறுப்பு நாடு விரும்பினால் அதை இரண்டாண்டாகவும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்திலும், சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த ஏற்பாட்டிலும் இந்தக் காலம் ஆறு மாதம். பிரிட்டனில் முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்தால் ரிப்பேருக்கே சம்மதிக்காமல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் வண்டியின் குறை பத்தொன்பதாம் நாள் தெரிந்தது என்று மேலே சொன்னேன். அந்த நாளை நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பைத் தனி அத்தியாயமாகவே வைத்திருக்கிறது. ஆனால் வண்டிக்கென்று எண் எதுவும் அதில் இல்லை. பொருளைச் சோதிக்காமல் குறையை முடிவு செய்ய முடியாது என்றால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முன்கூட்டிக் கட்ட வேண்டியது புகார் கொடுத்தவர். சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கெடு அடிக்கடி தாண்டிப் போகிறது. புகார் கொடுக்கக் காலவரம்பு இரண்டு ஆண்டு. ஒர்க்‌ஷாப்புக்கு நடையாய் நடந்தே அதில் ஓராண்டு ஓடிவிடும். 2006இல் உச்ச நீதிமன்றம் கார் ஒன்றின் வழக்கில், உத்தரவாதத்தில் எழுதியிருப்பது குறையுள்ள பாகத்தை ரிப்பேர் செய்து தருவது அல்லது மாற்றித் தருவது மட்டுமே, அதை வைத்து முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றது. நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் முன்னால் இருந்தது விற்றவர் எழுதிய உத்தரவாதத் தாள். அந்தத் தாளுக்கு மேலே நிற்கிற மாதிரி தெளிவான சட்டம் ஒன்று இருந்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது நீங்கள்தான்.

இரண்டு நாட்டுச் சட்டங்களிலிருந்து சின்னதாக இரண்டு விஷயம், போகிற போக்கில். பல சின்னக் குறைகள் சேர்ந்தாலும் அது பெருங்குறையாகலாம் என்கிறது ஆஸ்திரேலியா. ரிப்பேர் செய்து மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றுப் பொருளோ பணமோ கொடுத்தாக வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்கா. இரண்டும் எடுத்துக்கொள்ளத் தக்கவை.

பணத்துக்கு வருகிறேன். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் உடனே வருகிற பதில், “இத்தனை கிலோமீட்டர் ஓட்டிவிட்டீர்களே” என்பது. கழிவு நியாயம்தான், ஓட்டியதற்குக் கழிக்கட்டும். எதுவரை ஓட்டியதற்கு என்பதில்தான் தகராறு. கலிபோர்னியா ஒரு கணக்கு வைத்திருக்கிறது. குறைக்காக முதல் தடவை வண்டியைக் கொண்டுபோன அன்று எத்தனை மைல் ஓடியிருந்ததோ, அதை 1,20,000ஆல் வகுத்து, விலையில் அந்தப் பங்கை மட்டும் கழிப்பது. 6,000 மைலில் முதல் புகார் என்றால் விலையில் இருபதில் ஒரு பங்கு. அதற்கு அப்புறம் ஓடியதெல்லாம் குறையோடு ஓடியது. அதற்குக் கழிவு கிடையாது. விற்றவர் புகாரைத் தள்ளிப்போட்டு லாபம் பார்க்கும் வழி இதனால் அடைபடுகிறது. பிரிட்டன் இதில் ஒரு படி பின்னே நிற்கிறது. மற்றப் பொருட்களை முதல் ஆறு மாதத்துக்குள் திருப்பினால் கழிவே கூடாது என்ற விதியிலிருந்து மோட்டார் வாகனத்தை மட்டும் அது விலக்கி வைத்திருக்கிறது. கலிபோர்னியக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். கடனில் வாங்கியவருக்கு இது இன்னும் முக்கியம். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்பதில்லை. திருப்பித் தரும் தொகையில் கட்டிய வட்டி, பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். ஏழாவது தடவைக்குப் பிறகு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. வண்டியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறோம், சந்தை விலையைவிடக் கூடவே தருகிறோம், இனி புகார் எதுவும் இல்லை என்றும் யாரிடமும் இது பற்றிப் பேசமாட்டேன் என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். சோர்ந்து போயிருந்தேன். சம்மதித்துவிடலாம் என்றே நினைத்தேன். “இந்த வண்டியை என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். “கழுவி பாலிஷ் போட்டு யூஸ்டு கார் பிரிவில் வைப்போம் மேடம்” என்றார் அந்தப் பையன், உள்ளதை உள்ளபடி. குறை? குறைதான் தென்படவில்லையே. வேறு ஒரு வீட்டு அம்மா அந்தப் பின் சீட்டில் உட்காருவார் என்ற நினைப்பு வந்ததும் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

சட்டப்படி திரும்ப வாங்கிய வண்டியை மறுபடி விற்றால் அதன் உரிமைச் சான்றிலேயே அந்த விவரம் பொறிக்கப்பட வேண்டும், கதவுச் சட்டகத்தில் ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும், அடுத்து வாங்குகிறவருக்குக் குறையை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் விதி இருக்கிறது. எல்லா இடத்திலும் இந்த விதி வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் வாங்கினாலும் அது திரும்ப வாங்கியதுதான் என்றும் சேர்த்தே எழுதுங்கள். வாயை மூடச் சொல்லும் கையெழுத்து செல்லாது என்றும் எழுதுங்கள். பாதுகாப்புக் குறைகளைப் பற்றிய செய்தி ஒரு குடும்பத்தோடு அடங்கிப்போனால், அதே குறையுள்ள மற்ற வண்டிகளைத் திரும்ப அழைக்க எந்த அதிகாரிக்கும் துப்புக் கிடைக்காது.

இதே நிலையில் இருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகாரை வாயால் சொல்லாதீர்கள். வண்டியை விடுவதற்கு முன்பே உங்கள் சொற்களில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அதே வாசகத்தை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், மறுத்தார்கள் என்று இன்னொரு மின்னஞ்சல் போடுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி, மீட்டரின் படம். குறை வரும்போது பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், ஓட்டும்போது நீங்களே எடுக்க வேண்டாம். விற்றவருக்கும் தயாரிப்பாளருக்கும் தனித்தனியே எழுதுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். காலவரம்பைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இந்த மடலோடு ஏழு ஜாப் கார்டுகளின் நகலையும், இன்னொரு தாளையும் இணைத்திருக்கிறேன். அது நாலாவது தடவை வண்டியை எடுத்து வந்த அன்று முன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. மெக்கானிக்குகள் வேலை செய்யும்போது கூடவே வைத்திருக்கும், ஜாப் கார்டின் கிரீஸ் படிந்த நகல். அதன் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது: “கிளம்பும்போது இழுவை விடுது. 3 தடவை வந்தது. கியர்பாக்ஸ் பார்க்கணும்.” எழுதியவர் யார் என்று நான் தேடவில்லை, தேடப்போவதும் இல்லை, அவர் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது. அன்று மாலை எனக்குக் கொடுத்த அச்சிட்ட கார்டில் என்ன இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேதி ஒன்று, வண்டி எண் ஒன்று, மீட்டரில் இருந்த தூரமும் ஒன்று.

இப்படிக்கு,
ஏழு ஜாப் கார்டுகளோடு காத்திருக்கும் ஒரு வாகன உரிமையாளர்